ஹட்யாயில் ஓய்வுக்காலம்: 8 லட்சம் பாட் யார் பெயரில்?

கெடா வாத்தியார்:

வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு 2022இல் ஓய்வு பெற்றேன். எனக்கு 63, மனைவிக்கு 58. பிள்ளைகள் இருவரும் ஜொகூரில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வந்தால்தான் உண்டு.

எல்லை தாண்டித் தாய்லாந்தில் இருக்கும் ஹட்யாய் எங்களுக்குப் புதிதல்ல. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால், வேலையில் இருந்த காலத்திலேயே வியாழன் மாலை புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டிவிடுவோம். ஓய்வுக்குப் பிறகு அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மாதத்தில் இருபது நாள் அங்கும் பத்து நாள் இங்குமாகக் காலம் ஓடுகிறது. போன மாதம் தாய்லாந்துப் பக்கத்துச் சடாவ் சாவடியில் ஓர் இளம் அதிகாரி என் கடப்பிதழை, கட்டுரை ஏடு திருத்துவதுபோல் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இத்தனை ஆண்டுகள் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே நிற்பவனின் வயிறு எப்படிக் கலங்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. "சுற்றுலா வருகிறீர்களா, குடியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல நா எழவில்லை. முத்திரை குத்திவிட்டு, அடுத்த முறை முறையான விசாவுடன் வரச் சொன்னார்.

ஓய்வுக்கால விசாவுக்கு மாதம் 65,000 பாட் (தாய்லாந்துப் பணம்) வருமானமாவது, வங்கியில் 8 லட்சம் பாட்டாவது காட்ட வேண்டும். என் ஓய்வூதியம் அந்த 65,000இல் பாதியைக்கூடத் தொடாது. ஆகவே 8 லட்சம் பாட்டை வங்கியில் வைத்துக் காட்டும் வழிதான். நம் பணத்தில் ஒரு லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். பணிக்கொடையில் அந்த அளவு மிச்சம் இருக்கிறது. மனைவியை என்னைச் சார்ந்தவராகச் சேர்த்துவிட்டால் இன்னொரு 8 லட்சம் தேவையில்லை என்கிறார்கள், உண்மையா? முகவர் ஒருவர், பணமே காட்ட வேண்டாம், கடப்பிதழைக் கொடுத்தால் போதும், எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். நம்பலாமா?

கடற்காற்று:

வாத்தியார் ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: நம்பாதீர்கள். அந்த முகவர் தன் பணத்தைச் சில நாள் உங்கள் கணக்கில் போட்டு எடுப்பார். கடப்பிதழில் விழும் முத்திரை அசலாகவே இருக்கும். ஆனால் என்றாவது ஒருநாள் யாராவது கணக்கேட்டைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவர் இருக்க மாட்டார். கையில் பணம் வைத்திருக்கும் உங்களுக்கு இது எதற்கு?

நான் ஒன்பது ஆண்டுகளாக ஹட்யாயில் இருக்கிறேன். வயது 50 தாண்டியவர்களுக்கான வழி இதுதான். விசா இல்லாமல் நுழைந்தவரும் உள்ளே இருந்தபடியே 'ஓ' என்ற வகை விசாவுக்கு மாறலாம்; கையில் குறைந்தது 15 நாள் தங்கும் அனுமதி மீதி இருக்க வேண்டும். கட்டணம் 2,000 பாட். அது 90 நாள் தரும். அந்த 90 நாளின் கடைசி மாதத்தில் ஓராண்டு நீட்டிப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு 1,900. நீட்டிப்புக்குப் போகும்போது 8 லட்சமும் இரண்டு மாதமாவது கணக்கில் கிடந்திருக்க வேண்டும். மாறும்போதே பணத்தைப் போட்டுவிட்டால் நாள் கணக்கு தானாகச் சரியாக வரும்.

நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் வேறு. நமக்கு வெள்ளியைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, கடைத்தெருவில் பாட்டாக மாற்றிப் பழக்கம். இந்த 8 லட்சத்தை அப்படிக் கொண்டுவராதீர்கள். பணம் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்தது என்று முதல் தடவை காட்ட வேண்டும். சில பணம் அனுப்பும் நிறுவனங்கள் வழியாக அனுப்பினால் கடைசிக் கட்டத்தில் அது உள்நாட்டு வரவாகப் பதிவாகிவிடும். புத்தகத்தில் வெளிநாட்டு வரவு என்ற குறியே இருக்காது. அனுப்புவதற்கு முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள். கணக்கு திறப்பதும் எளிதல்ல. ஒரு கிளையில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இரண்டு தெரு தள்ளி அதே வங்கியின் வேறு கிளையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். சலிக்காமல் ஏறி இறங்குங்கள்.

விண்ணப்பிக்கும் நாளன்று காலையில் கணக்கில் நூறு பாட் போட்டுப் புத்தகத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடிதமும் அன்றைய தேதியில் இருப்பது நல்லது. நகல் ஒவ்வொன்றிலும் நீல மையில் கையெழுத்து. ஒரு பக்கத்தில் போட மறந்தாலும் எண்ணி எடுத்துத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

அனுமதி கிடைத்த பிறகும் மூன்று மாதம் அந்த 8 லட்சத்தைத் தொடக் கூடாது. அதன் பிறகு 4 லட்சம் வரை இறக்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பு மறுபடி நிரப்ப வேண்டும். 2019 மார்ச்சிலிருந்து இந்த விதி.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஓராண்டு நீட்டிப்பு கையில் இருக்கிறது என்ற தெம்பில் இருந்தேன். அலோர்ஸ்டாரில் அக்கா தவறிவிட்டார் என்று விடியற்காலையில் போன். போட்ட சட்டையோடு எல்லைக்கு ஓடினேன். சாவடியில் அந்தப் பெண் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னவோ கேட்டாள். எனக்கு அன்று காது எங்கே இருந்தது? தலையை ஆட்டினேன், முத்திரை விழுந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பினால் வெறும் வருகையாளர் முத்திரை. மறுநுழைவு அனுமதி வாங்காமல் நாட்டை விட்டு வெளியேறினால் நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துவிடும். ஏழு மாதம் மீதி இருந்தது, போயிற்று. அப்போது கணக்கில் 4 லட்சம்தான் வைத்திருந்தேன். அதை நிரப்பி, மறுபடி முதல் படியிலிருந்து ஏறினேன்.

ஒரு முறைக்கான அனுமதி 1,000 பாட், பல முறைக்கு 3,800. எல்லைக்கு அந்தப் பக்கம் சாவும் கல்யாணமும் வைத்திருக்கும் நமக்கு 3,800தான் சரி. நீட்டிப்பு வாங்கும் அன்றே அடுத்த கவுன்டரில் இதையும் வாங்கிவிடுங்கள். நீட்டிப்பு முடியும் நாளோடு இதுவும் முடியும். அடுத்த ஆண்டு புதிதாக வாங்க வேண்டும். திரும்பி வரும்போது முத்திரைத் தேதியைச் சாவடியை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள். நுழைவதற்கு முன் இணையத்தில் நிரப்பும் தாய்லாந்து மின்வருகை அட்டையையும் மறக்காதீர்கள். 2025 மே மாதத்திலிருந்து தரைவழி வருபவர்களுக்கும் கட்டாயம்.

பட்டர்வொர்த் பயணி:

உள்ளே வந்து மாறுவதைவிட முன்கூட்டியே விசாவுடன் போவது எனக்கு நிம்மதியாகப் படுகிறது. பினாங்கில் தாய்லாந்துத் துணைத் தூதரகத்தின் வாசலில் விடிவதற்குள் வரிசை பிடித்த காலம் போய்விட்டது. 2025 ஜனவரியிலிருந்து எல்லாம் இணையவழிதான். ஆனால் ஓ-ஏ என்ற இன்னொரு விசாவைக் காட்டினால் அதன்மேல் ஆசைப்படாதீர்கள். அதற்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நம் வயதில் அந்தத் தவணை கழுத்தை நெரிக்கும். வெறும் ஓ போதும்.

90 நாளுக்கு ஒருமுறை முகவரி அறிவிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். தவறினால் அபராதம் 2,000 பாட்.

கடற்காற்று:

உண்மைதான். ஆனால் அந்த 90 நாள் ஒவ்வொரு நுழைவிலிருந்தும் புதிதாக எண்ணப்படும். வாத்தியாரைப்போல் மாதாமாதம் எல்லை தாண்டுகிறவருக்கு அந்த நாள் வரவே வராது. ஒன்பது ஆண்டுகளில் நான் இரண்டே முறை அறிவித்திருக்கிறேன், இரண்டும் பெருந்தொற்று ஆண்டுகளில்.

நீங்கள் தங்கியிருப்பதைக் குடிநுழைவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வீட்டு உரிமையாளர் கொடுக்க வேண்டிய டிஎம்30 அறிவிப்பு வேறு. அது இல்லாமல் எந்த விண்ணப்பமும் நகராது. வாடகை ஒப்பந்தம் போடும்போதே வீட்டுக்கார அம்மாவிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் காகிதங்களை மாடியில் வையுங்கள். 2025 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கடப்பிதழைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவில்லை.

ஹுவா ஹின் அக்கா:

ஐயா, மனைவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

சட்டப்படி நீங்கள் கேள்விப்பட்டது சரி. திருமணச் சான்றிதழைத் தாய்லாந்து மொழியில் பெயர்த்து, அந்நாட்டு வெளியுறவு அமைச்சிடம் சான்று வாங்கிக் கொடுத்தால், உங்கள் 8 லட்சத்தின் பேரிலேயே அவருக்கும் நீட்டிப்பு கிடைக்கும். நாங்களும் அப்படித்தான் செய்தோம். நாங்கள் சிங்கப்பூர்க்காரர்கள். இரண்டு பேருக்கு எதற்கு இரட்டைப் பணம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், நானும் மண்டையை ஆட்டினேன். மளிகைக்கான பணம்கூட அவர் கணக்கில்தான்.

2022இல் அவர் மாரடைப்பில் போய்விட்டார். இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போன நானேதான் அந்தக் கணக்கு முடங்கக் காரணமானேன். அட்டையும் ரகசிய எண்ணும் என்னிடம் இருந்தன, ஆனால் அவர் இறந்த பிறகு அதிலிருந்து எடுப்பது குற்றம் என்று வழக்கறிஞர் சொன்னார். தாய்லாந்தில் எழுதிய உயில் இல்லை. நீதிமன்றம் என்னைச் சொத்து நிர்வாகியாக நியமித்துப் பணம் கைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று.

குடிநுழைவு அலுவலகத்தில் என் கடப்பிதழையும், மூலை வெட்டப்பட்டிருந்த அவருடைய கடப்பிதழையும் ஒரே ரப்பர் வளையத்தில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த அதிகாரி வளையத்தைக் கழற்றி, அவருடையதைத் தனியாக என் பக்கம் தள்ளினார். கடுமையான ஆள் இல்லை, தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆனால் இனி அவர் பேரில் எனக்கு நீட்டிப்பு இல்லை. என் பேரில், என் கணக்கில், என் 8 லட்சம் வேண்டும். என் மத்திய சேமநிதியிலிருந்து எடுத்து அனுப்பினேன். அது இல்லாதவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

உங்கள் மனைவிக்கும் 50 கடந்துவிட்டது. முடிந்தால் இரண்டு பேருக்கும் தனித்தனியாகவே எடுங்கள். முடியாவிட்டால் அவர் பெயரில் ஒரு கணக்காவது இப்போதே திறந்து, ஆறு மாதச் செலவை அதில் போடுங்கள். கூட்டுக் கணக்கில் விசாவுக்கான பணத்தை வைக்காதீர்கள்; ஏற்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபாடு உண்டு. தாய்லாந்து மொழியில் ஓர் உயிலும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, சுங்கைப்பட்டாணி வீட்டை விற்காதீர்கள். அரசு ஓய்வூதியர் என்பதால் அங்கே அரசு மருத்துவமனை உங்கள் இருவருக்கும் உண்டு. ஹட்யாயிலிருந்து காரில் ஒரு பொழுதுக்குள் போய்விடலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கடற்காற்று:

அக்கா, எனக்கு உறைக்கிறது. என் வீட்டுக்காரியும் என்னைச் சார்ந்தவளாகத்தான் இருக்கிறாள்.

வாத்தியாருக்கு ஒரு சொல்: ஆண்டில் 180 நாள் தாய்லாந்தில் இருந்தால் வரி விஷயத்தில் அங்கே வசிப்பவர் ஆகிவிடுவீர்கள். 2024 முதல் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரிக் கணக்கில் சேரும். உங்கள் பணிக்கொடை 2022இல் வந்தது, 2024க்கு முந்தைய சேமிப்பு என்பதால் அதற்குச் சிக்கல் இல்லை. வந்த தேதியைக் காட்டும் வங்கித் தாளை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

கெடா வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மனைவியும் படித்தாள். படித்து முடித்ததும் எழுந்து போய்த் தன் வங்கிப் புத்தகத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். அதில் நான் அறியாத 60,000 வெள்ளி இருந்தது. தையல் வகுப்பு நடத்திச் சேர்த்ததாம். இன்னும் நாற்பத்தைந்தாயிரத்தை நான் போட்டால் அவள் பேரிலும் தனியாக எடுத்துவிடலாம். காரை விற்பதாக இருக்கிறேன். முகவரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

அவள் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறாள். 4க்கு 6 சென்டிமீட்டர் படம் கேட்கிறார்கள் அல்லவா, அதில் நெற்றியில் பொட்டு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

ஹுவா ஹின் அக்கா:

என் படத்தில் இருந்தது. அவர் போன பிறகு எடுத்த படத்திலும் இருக்கிறது. யாரும் ஒன்றும் சொன்னதில்லை.