சுவரில் ஒட்டாத நிழல்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சிவகாசிக்காரன்:

பதினைந்து வருடமாக டிடிபி வேலை. காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் செய்தாயிற்று. நிழல் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். போன வருடம் ஒரு காலண்டர் என் கொழுப்பைக் கரைத்துவிட்டது.

ஒரு இரும்புக் கடைக்காரருக்கு மாதக் காலண்டர். கடைப் பெயர் பித்தளை எழுத்தாகக் கருங்கல் சுவரில் பதித்த மாதிரி தெரிய வேண்டும் என்றார். நானே எடுத்த கருங்கல் படம் ஒன்று கையில் இருந்தது. உளி கொத்தின தடம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். அதன் மேல் எழுத்தை வைத்து, புடைத்துத் தெரிய பெவல் கொடுத்து, தானாக நிழல் போடும் டிராப் ஷேடோவைத் தட்டிவிட்டேன். நான் வைத்திருப்பது பழைய ஃபோட்டோஷாப். அதில் எதையும் தொடாவிட்டால் வெளிச்சக் கோணம் 120 டிகிரி, நிழலின் அடர்த்தி 75% என்று நிற்கும். அப்படியே விட்டேன்.

எங்கள் அச்சக முதலாளி பார்த்தார். "எழுத்து கல்லுல இல்லப்பா. கண்ணாடியில ஒட்டி, அதைக் கல்லுக்கு முன்னாடி புடிச்ச மாதிரி இருக்கு."

பிளரை, அதாவது நிழல் ஓரத்தின் மங்கலை, கூட்டினேன். அடர்த்தியைக் குறைத்தேன். தள்ளி வைத்தேன், கிட்டே வைத்தேன். மூன்று நாள் போயிற்று. எங்கள் அச்சகத்தில் முன்பு சாமி படங்களுக்கு ஏர்பிரஷ் பிடித்த பெரியவர் ஒருவர் அவ்வப்போது டீ குடிக்க வருவார். திரையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்தக் கல்லுல வெயில் எந்தப் பக்கம் இருந்து அடிக்குது?"

அதை நான் பார்க்கவே இல்லை. உளித் தடங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு குழியிலும் வலது ஓரம் இருட்டு, இடது ஓரம் வெளிச்சம். குழி என்பதால் அப்படி. வெயில் வலது மேலிருந்து வருகிறது. 120 டிகிரி என்றால் விளக்கு இடது மேலே. என் எழுத்தின் நிழல் வலப்பக்கம் விழுந்து கிடக்கிறது. ஒரே சுவரில் இரண்டு சூரியன்!

கோணத்தை மாற்றியதும் பாதிச் சண்டை முடிந்தது. மீதியையும் பெரியவரே காட்டிக்கொடுத்தார். என் நிழல் உளிக் குழிகளின் மேல் விழுந்த இடமெல்லாம் கரி பூசின மாதிரி இருந்தது. குழிக்குள் வெயிலே இல்லை. இல்லாத வெயிலை எழுத்து எப்படி மறைக்கும்? மேல் நிறத்தையும் கீழ் நிறத்தையும் பெருக்கிக் கலக்கும் மல்டிப்ளை முறையில் போட்டால் அது பாட்டுக்கு இருட்டின் மேல் இருட்டைப் பெருக்கிவிடும். ஷேடோவை வலது கிளிக் செய்து, கிரியேட் லேயர் கொடுத்துத் தனி லேயராக (அடுக்காக) பிரித்தேன். பிரித்த லேயரில், அடியில் இருப்பதன் வெளிச்சத்தைப் பார்த்து மேல் லேயரை மறைக்கும் பிளெண்ட் இஃப் போய், கீழ் லேயரின் கறுப்பு முனையை ஆல்ட் அழுத்தி இரண்டாகப் பிளந்து நகர்த்தினேன். குழிகளில் நிழல் தானாக விலகிக்கொண்டது. அப்புறம் நிறம். கல்லிலேயே நிழலான இடத்தில் நிறம் எடுக்கும் ஐட்ராப்பர் வைத்துப் பார்த்தால் கறுப்பே இல்லை, நீலம் கலந்த சாம்பல். வெயில் படாத இடத்திலும் வானத்து வெளிச்சம் விழத்தானே செய்கிறது.

கடைசியாக டிஸ்பிளேஸ் ஃபில்டர். மேப் என்று ஒரு படத்தைக் கொடுத்தால் அதன் வெளுப்பு கறுப்பைப் பார்த்து இன்னொன்றை நெளிக்கும். கல் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, லேசாக மங்கவைத்து, தனி பிஎஸ்டியாகச் சேமித்து, அதை மேப்பாகக் கொடுத்தேன். கறுப்பு 0, வெள்ளை 255 என்றால், 128 என்ற நடுச் சாம்பலில் ஒன்றும் நகராது. அதைவிட வெளுத்த இடம் ஒரு பக்கமும், கறுத்த இடம் எதிர்ப்பக்கமும் தள்ளும். ஆறேழு பிக்சல் போதும். நிழலின் ஓரம் கல்லின் மேடுபள்ளத்தோடு நெளிந்து உட்கார்ந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சும்மா இருந்தாலே பாராட்டுதான்.

அச்சில் நிழல் திரையில் பார்த்ததைவிட அடைத்துக்கொண்டு வந்தது தனிக் கதை. காகிதத்தில் மைப் புள்ளி விரிவதற்கு இடம் விட்டு இன்னும் வெளுப்பாக வைத்திருக்க வேண்டும்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

திருப்பூர் பனியன்:

அண்ணா, எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. நீங்கள் நிழலை உண்டாக்குகிறீர்கள். நாங்கள் துணியில் ஏற்கெனவே இருக்கிற நிழலை டிசைன் மேல் கொண்டுவர வேண்டும்.

சாம்பிள் தைப்பதற்கு முன்பே பையருக்கு (வாங்குகிறவருக்கு) மாக்கப், அதாவது துணி மேல் டிசைன் வைத்த மாதிரிப் படம், அனுப்புவோம். வெள்ளை டி-ஷர்ட் என்றால் கவலையே இல்லை. டிசைனை மல்டிப்ளையில் போட்டால் மடிப்பெல்லாம் தானாக அதன் வழியே தெரியும். ஒரு தடவை கறுப்பு டி-ஷர்ட் ஆர்டர் வந்தது, நெஞ்சில் மஞ்சள் எழுத்து. பழக்கதோஷத்தில் மல்டிப்ளை போட்டேன். எழுத்தே காணோம்! கறுப்போடு எதைப் பெருக்கினாலும் கறுப்புதானே. சரி என்று எதோடும் கலக்காத நார்மலில் வைத்து அனுப்பினேன். "ஸ்டிக்கர் வேண்டாம், பிரிண்ட்தான் கேட்டோம்" என்று பதில் வந்தது. அக்குளிலிருந்து ஒரு மடிப்பு குறுக்கே ஓடி எழுத்தின் அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறது, எழுத்து மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி நிற்கிறது. சொல்லத்தானே செய்வார்கள்.

இப்போது செய்வது இதுதான். துணிப் படத்தை டூப்ளிகேட் எடுத்து, நிறத்தை நீக்கி, லெவல்ஸில் வெளிச்சத்தை இழுத்து, கறுப்புத் துணியைச் சாம்பல் துணி போல ஆக்கிக்கொள்வேன். அதை டிசைனுக்கு மேலே மல்டிப்ளையில் வைத்து டிசைனுக்குள் மட்டும் கிளிப் செய்துவிடுவேன். மடிப்பின் மேடு பளபளக்கும் இடத்துக்கு இன்னொரு பிரதி, வெளுக்கவைக்கும் ஸ்க்ரீன் முறையில். டிஸ்பிளேஸ் எங்களுக்கும் உண்டு, ஆனால் அதற்கான மேப்பை நன்றாக மங்கவைக்காவிட்டால் நூல் நூலாக எழுத்து கிழியும். பின்னலாடையில் இழையே தெரியும், பாருங்கள்.

யாழ்ப்பாணத்து மதில்:

நான் ஒரு சின்னக் கணினி விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன், தனி ஆளாக. ஊர் ஒழுங்கை (சந்து) ஒன்றில் நடந்து போகிற மாதிரி. அதற்காகப் பழைய முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதில் ஒன்றைப் பின்னேரம் நாலரை மணிக்குப் படம் பிடித்தேன். சாய்ந்த வெயிலில் கல்லின் ஓட்டைகள் எல்லாம் எவ்வளவு வடிவாக எழும்பித் தெரிந்தன! அதில்தான் பிழையே தொடங்கியது.

விளையாட்டுக்குள் சூரியன் நகரும். மதிலில் பதிந்த நிழல் நகராது. காலை வெயில் கிழக்கிலிருந்து அடிக்க, கல்லின் நிழலும் கிழக்கேயே விழுந்து கிடக்கிறது. அது போதாதென்று, ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப டைலாக அடுக்கினால் ஒரு கறுத்த திட்டு இரண்டு மீட்டருக்கு ஒருமுறை தவறாமல் வந்து நிற்கிறது. பார்த்த நண்பர் "மதிலில் ஆரோ வரிசையாகத் தார் பூசியிருக்கினம்" என்றார்.

இப்படிப்பட்ட அடிப்படைப் படத்தில் நிழலே இருக்கக் கூடாது, நிழலை விளையாட்டை ஓட்டும் எஞ்சின் மென்பொருளே போட்டுக்கொள்ளும் என்பது பிறகுதான் விளங்கியது. மேகம் மூடின மப்பு நாளாகப் பார்த்துப் போய்த் திரும்பப் பிடித்தேன். விரிசலுக்குள் இருக்கும் இருட்டை மட்டும் தனிப் படமாக வைத்தேன். அந்த இருட்டு எந்தத் திசை வெயிலுக்கும் பொது.

அடுத்தது நார்மல் மேப், கல்லின் மேடுபள்ளச் சாய்வை நிறத்தில் குறித்துவைக்கும் படம். போட்டவுடன் கல்லெல்லாம் குழியாகவும் குழியெல்லாம் கல்லாகவும் தெரிந்தன. வரைகலையில் ஓப்பன்ஜிஎல் முறைக்கும் டைரக்ட்எக்ஸ் முறைக்கும் அந்தப் படத்தின் பச்சை சேனல் தலைகீழ். யூனிட்டி எஞ்சினுக்கு ஒன்று, அன்ரியல் எஞ்சினுக்கு மற்றது. பச்சையை இன்வர்ட் செய்ததும் மதில் வெளியே வந்தது. சேனலில் இவ்வளவு சின்ன மாற்றம், கண்ணுக்கு உலகமே உள்வெளியாகிறது. ஏன் என்று தேடினபோது கிடைத்தது ஒரு பழைய ஆய்வு. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988இல் நேச்சர் இதழில் எழுதியது. மேலே வெளுத்துக் கீழே கறுத்த வட்டம் நமக்குப் புடைத்துத் தெரியும், அதையே தலைகீழாக்கினால் குழியாகத் தெரியும். ஒளி மேலிருந்துதான் வரும், ஒரே ஒரு ஒளிதான் இருக்கும் என்று மூளை தானாக எடுத்துக்கொள்கிறதாம்.

சிவகாசி அண்ணை, உங்கள் முதலாளிக்கு அந்த எழுத்து ஏன் மிதந்தது என்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் உளித் தடப் படத்தைக் கைத்தொலைபேசியில் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கோ.

சிவகாசிக்காரன்:

பிடித்தேன் தம்பி. குழியெல்லாம் கொப்புளமாக எழுந்துவிட்டது! கணக்கு எழுதுகிறவர் முதல் மிஷின் ஆள் வரை அச்சகம் முழுக்க ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அரை மணி நேரம் வேலை நின்றது.

ஜிம்ப் மட்டும்:

நான் காசு கொடுத்து எதுவும் வாங்குவதில்லை, இலவச மென்பொருளான ஜிம்ப்தான். அதன் 2.10 பதிப்பில் டிராப் ஷேடோ போட்டால் நிழல் அதே லேயரோடு கலந்துவிடும். நீங்கள் சொல்கிற மாதிரி பிரித்து நெளிக்க முடியாது. அதனால் கையாலேயே போட்டுப் பழகிவிட்டேன்: எழுத்தின் ஆல்ஃபாவை, அதாவது எழுத்து நிற்கும் வடிவத்தை, செலெக்ஷன் ஆக்கி, அடியில் புது லேயர் எடுத்து, கரு நீலம் நிரப்பி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கவைக்கும் காசியன் பிளர், மல்டிப்ளை. 2025 மார்ச்சில் 3.0 வந்த பிறகு ஃபில்டரை எப்போது வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம், உண்மைதான். ஆனாலும் கை பழைய வழிக்கே போகிறது.

காரைக்குடி வீடு:

ஆன்லைனில் பித்தளைச் சாமான் விற்கிறேன். ஒரு குத்துவிளக்கை வெள்ளைப் பின்னணியில் எடுத்து, எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் தரைப் படத்தின் மேல் வைத்தேன். நிழல் எப்படிப் போட்டாலும் ஒட்டவில்லை. அந்தக் கல்லைக் கண்ணாடி மேல் வைத்து வார்ப்பதால் முகம் அவ்வளவு வழவழப்பு. அந்த மாதிரித் தரையில் நிழலைவிடப் பிரதிபிம்பம்தான் முன்னே தெரியும் என்று புரிந்தது. விளக்கை அப்படியே தலைகீழாக்கிக் கீழே ஒட்டி, மறைப்பதற்கான மாஸ்கில் கிரேடியன்ட் போட்டு, போகப் போக மங்கவைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

எங்கள் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஏத்தா, தரைக்குள்ள இருக்குற விளக்குல எண்ணெய் தெரியுதே, அது கொட்டாம எப்படி நிக்குது?"

கேமரா சற்று மேலிருந்து பார்த்ததால் படத்தில் எண்ணெய்த் தட்டின் உள்பக்கம் தெரிகிறது. நிஜத் தரையில் தட்டின் அடிப்பக்கம் அல்லவா தெரிய வேண்டும்! அதற்கென்று தரை மட்டத்தில் கேமராவை வைத்து இன்னொரு படம் எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது தட்டுக்கு மேலே மங்கவைத்துவிட்டு, அடித்தண்டை மட்டும் காட்டித் தப்பித்துக்கொள்கிறேன்.

பிசிக்ஸ் வாத்தியார்:

சிவகாசித் தம்பி, ஒரு சந்தேகம். அந்த எழுத்து நிழலுக்கு எவ்வளவு பிளர் வைத்தீர்கள்?

சிவகாசிக்காரன்:

12 பிக்சல் சார். ஏன்?

பிசிக்ஸ் வாத்தியார்:

அங்கேதான் இடிக்கிறது. நம் கண்ணுக்குச் சூரியன் ஏறக்குறைய அரை டிகிரி அகலம். அதனால் ஒரு பொருள் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் நிழலின் ஓரம் சுமார் 9 மில்லிமீட்டர் மங்கும். தூரம் குறையக் குறைய மங்கலும் அதே விகிதத்தில் குறையும். உங்கள் எழுத்து சுவரிலிருந்து 2 சென்டிமீட்டர் எழும்பி நிற்கிறது என்று வையுங்கள். மங்கல் 0.2 மில்லிமீட்டர்தான். காலண்டரில் அந்தச் சுவர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, ஆக 0.02. உங்கள் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு பிக்சலே 0.08 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. அதாவது பிளரே தேவையில்லை. கத்தி மாதிரி வெட்டின ஓரம் இருக்க வேண்டும்.

உளித் தடத்தின் நிழல் கூர்மையாக இருக்கிறது, எழுத்தின் நிழல் பஞ்சு மாதிரி இருக்கிறது என்றால், கல் வெயிலிலும் எழுத்து மேகத்துக்கு அடியிலும் இருக்கிறது என்று அர்த்தம். மென்மையான நிழல்தான் இயற்கை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாயங்காலம் ஒரு தென்னை மரத்தின் நிழலைப் பாருங்கள். அடிமரத்துக்குப் பக்கத்தில் கோடு போட்ட மாதிரி இருக்கும். ஓலை நிழல் விழுகிற இடத்தில் கரைந்து போயிருக்கும். ஒரே நிழல், இரண்டு பிளர். ஒரே எண்ணை முழு நிழலுக்கும் கொடுக்கிற மென்பொருள் இதைத் தானாகச் செய்யாது.

திருப்பூர் பனியன்:

சார், அப்படியானால் ஹேங்கரில் தொங்குகிற சட்டைக்கு? தோளில் கூர்மை, கீழே போகப் போக மங்கலா?

பிசிக்ஸ் வாத்தியார்:

சட்டை சுவரை ஒட்டியிருக்கும் இடத்தில் கூர்மை, விலகும் இடத்தில் மங்கல். அவ்வளவுதானம்மா. இரண்டு பிளரில் இரண்டு நிழல் லேயர் வைத்து, கிரேடியன்ட் மாஸ்கால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகலாம். பெரிய பிளர் போடும்போது 8 பிட் படத்தில் வெளிச்சத்துக்கு 256 படிதான் உண்டு, பட்டை பட்டையாகத் தெரியும். மேலே ஒரு சதவீதம் நாய்ஸ் (பொடிப் புள்ளி) தூவிவிடுங்கள்.

சிவகாசிக்காரன்:

சார் சொன்னதை ஃபைலைத் திறந்து செய்து பார்த்தேன். பிளரை எடுத்துவிட்டு, ஓரத்தைக் கூர்மையாக்கி, அடர்த்தியை உளித் தடத்தின் இருட்டுக்குச் சமமாக வைத்தேன். எழுத்து கல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இது போன வருடம் தெரியாமல் போயிற்றே! எத்தனை ஆயிரம் சுவரில் அந்தப் பஞ்சு நிழல் தொங்குகிறதோ.

எங்கள் அச்சகச் சுவரிலும் ஒரு பிரதி மாட்டியிருக்கிறது. மேலே கூரையில் நாலடி டியூப் லைட், சுவருக்கு இணையாக. இன்று அந்தக் காலண்டரின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடி ஓரம் சுருண்டு சுவரிலிருந்து விலகி நிற்கிறது. அந்த ஓரத்தின் நிழல் கோடு போட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் அதே உயரத்தில் பக்கவாட்டு ஓரத்தின் நிழல் கரைந்து போயிருக்கிறது. தூரம் ஒன்றுதான் சார், மங்கல் வேறு வேறு. டியூப் நீளவாக்கில் இருப்பதாலா? அப்படியானால் இதற்குக் காசியன் பிளர் சரிவராதே, ஒரே திசையில் மங்கவைக்கும் மோஷன் பிளரா போட வேண்டும்?

பிசிக்ஸ் வாத்தியார்:

ஆமாம். டியூப் ஓடுகிற திசையில்.