பனியில கருகுன கற்பூர (யூகலிப்டஸ்) நாத்து, பிடுங்கிடவா?

ஊட்டிக்கிட்ட தலைகுந்தா பக்கம் எங்க அம்மா வழி நிலம் 40 சென்ட், கீழ்க்கடைசி பள்ளத்துல இருக்கு, கேரட் போட்டு ரெண்டு வருஷம் கையைச் சுட்டுக்கிட்டதால கற்பூர மரமாவது நிக்கட்டுமேன்னு செப்டம்பர்ல 150 நாத்து வச்சேன். ஜனவரியில உறைபனி மூணு நாள் வெள்ளையா கிடந்துச்சு, பாதிக்கு மேல நுனி வேகவச்ச கீரை மாதிரி கருத்து தொங்குது. ரோட்டு மேட்டுல பெரிய மரமெல்லாம் ஜம்முனு நிக்குது, என்னோடது மட்டும் ஏன்?

குந்தாக்காரன்:
பிடுங்காதீங்க தம்பி. தண்டை நகத்தால கீறிப் பாருங்க, பச்சை இருந்தா ஏப்ரல் மழைக்கு அடியிலிருந்து துளிர்க்கும். கருகுனதை இப்ப வெட்டவும் வேணாம், மிச்ச பனிக்கு அதுதான் மறைப்பு. ஆஸ்திரேலியாவோட குளிர் தீவு டாஸ்மேனியா மரம்னாலும் அங்க அது கடலோர தாழ்வுல வளர்றது, அந்த நீல நிற இளம் இலை இருக்குற வரைக்கும் பனி தாங்காது. குளிர் காத்து ராத்திரி தண்ணி மாதிரி சரிவுல இறங்கி உங்க பள்ளத்துல தான் தேங்கும், அதான் மேட்டு மரம் தப்பிச்சுது. ஜூன் மழையிலயே வச்சிருந்தா டிசம்பருக்குள்ள தண்டு முத்தியிருக்கும். யூரியா ஏதும் போட்டீங்களா?

கேட்டவர்:
நவம்பர்ல ஒரு பிடி போட்டேன் அண்ணா 🙈

குந்தாக்காரன்:
அதான் பாருங்க. பனிக்கு முன்னாடி இளம் துளிரை நாமளே வரவழைச்ச மாதிரி ஆச்சு.

பூம்பாறை பூண்டு:
எங்க கொடைக்கானல் பக்கமும் இதே கதைதான். நாலு குச்சி நட்டு மேல காய்ஞ்ச புல்லைப் போட்டு விடுங்க, கிழக்குப் பக்கம் நல்லா அடைச்சு, காலையில வெயில் சுள்ளுனு பட்டா தான் உறைஞ்ச இலை போயிடும். புல்லைத் தரையில பரப்பாதீங்க, மண்ணோட சூடு மேல வராது.

ஊத்துத்தண்ணி:
எல்லாரும் எப்படிக் காப்பாத்துறதுன்னே பேசுறீங்க, பள்ளத்துல ஊத்து இருக்கான்னு யாரும் கேக்கல. 1843-ல விறகுக்குன்னு நீலகிரிக்கு வந்த மரம் இது. ஊட்டி பக்கம் கிளென்மார்கன்ல புல்வெளியில நட்டு அளந்து பாத்தாங்க, முதல் 10 வருஷத்துலயே வழிஞ்சோடுற தண்ணி 16 சதவீதம் குறைஞ்சுது, வெட்டி மறுபடி தழைஞ்சப்ப 25 சதவீதம். அப்புறம் உங்க நிலத்து மரம்தானேன்னு நாளைக்கு வெட்ட முடியாது, 1955 மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கணும், அலையணும்.

கேட்டவர்:
ஊத்து இருக்கு சார். பெரியப்பா தோட்டத்துக்கு அதுலதான் மோட்டார் ஓடுது, இதை அவர்கிட்ட சொன்னா என்னையே நட்டுடுவாரு. ஊத்து ஓரத்துல இருக்குற 60-ஐ எடுத்துடுறேன், மேட்டுப் பக்கம் பச்சை உள்ளதுக்கு மட்டும் நாளைக்கு புல் கூரை போடுறேன்.