டூத்லெஸ் டிராகனா, வீட்டு நாய்க்குட்டியா?

மீன்கூடை:
பையனோட உட்கார்ந்து 'ரைடர்ஸ் ஆஃப் பெர்க்' டிராகன் கார்ட்டூன் தொடரை மறுபடி பார்த்தேன். அதுக்கு முன்னாடி 2010ல வந்த 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' படத்துல, டூத்லெஸோட இனமான நைட் ஃப்யூரின்னா ஊரே நடுங்கும். சாப்பாட்டைத் திருடாது, கண்ணுல படாது, குறி தப்பாது. 2012ல தொடர் வந்தப்போ அதே ஜீவன், அதைப் பழக்கின பையன் ஹிக்கப் மூஞ்சியை நக்கிக்கிட்டு மீனுக்குக் கொஞ்சுது. பயம் போச்சு, கூடவே மரியாதையும் போச்சு. ஒரு நாயை வெச்சே எடுத்திருக்கலாம்.

வால்துடுப்பு:
நாயா? அந்தப் படத்துலயே பாதி மீனைக் கக்கி அவன் மடியில போட்டுட்டு, அவன் கடிச்சு முழுங்குற வரைக்கும் முறைச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்துச்சே! மரக்கிளையை ஒடிச்சு மண்ணுல கோடு இழுத்துட்டு, அதை அவன் மிதிச்சா உறுமுது. சுத்தப் பூனைங்க அது.

மீன்கூடை:
நான் பேசறது தொடரைப் பத்தி.

வால்துடுப்பு:
சரி, தொடருக்கே வரேன். டார்ச்னு ஒரு குட்டி டிராகன் (டைஃபூமராங் இனம்) வர்ற எபிசோட். எல்லாரும் அதைக் கொஞ்சறாங்க, டூத்லெஸ் மட்டும் உறுமுது. பொறாமைன்னு ஹிக்கப் இதைத்தான் திட்டறான். கடைசியில பார்த்தா, காட்டை எரிச்சுக்கிட்டு வர்றது குட்டியைத் தேடுற தாய். டூத்லெஸுக்குப் பொறாமையே இல்லைங்கலை. ஆனா எஜமான் கொஞ்சறதையெல்லாம் தானும் கொஞ்சற குணம் அதுக்கில்லை.

பழைய_ஏடு:
நடுவுல ஒண்ணு. இந்தப் படத்துக்கே மூலமான, 2003ல வந்த கிரெசிடா கவல் நாவல்ல டூத்லெஸ் பொடிசு. திக்கித் திக்கிப் பேசும், சரியான சுயநலம். அதைப் படிச்சவனுக்குப் படம், தொடர் ரெண்டுலயும் வர்றது ரொம்ப நல்ல பிள்ளை. நீங்க அடிச்சுக்கோங்க.

வால்துடுப்பு:
என் முக்கியமான சாட்சி 2011ல வந்த 'கிஃப்ட் ஆஃப் தி நைட் ஃப்யூரி' குறும்படம். வால்துடுப்புல ஒரு பக்கம் இல்லாத டூத்லெஸ் தனியா பறக்கட்டும்னு ஹிக்கப் தானியங்கி வால் செஞ்சு தர்றான். கிளம்பிப் போயிடுது. போனது திரும்பி வருது, கடல்ல விழுந்த அவன் ஹெல்மெட்டையும் கவ்விக்கிட்டு. அப்புறம் புது வாலைத் தானே அடிச்சு நொறுக்கிட்டு, பழைய வாலை எடுத்து வந்து நீட்டுது. கட்டிப்போட்டா வெச்சிருந்தாங்க?

மீன்கூடை:
உங்க சாட்சி என் கட்சிக்குத்தான் பேசுது. அவிழ்த்து விட்டாலும் திரும்பி வர்றதுக்குப் பேர்தான் நாய் விசுவாசம்!

வால்துடுப்பு:
நாய் திரும்பி வரும், ஒத்துக்கறேன். எஜமான் கொடுத்ததை 'இது வேண்டாம்'னு உடைக்குமா? பழைய வாலை அசைக்க ஹிக்கப் காலால மிதிக்கணும். அவனுக்கும் இடது கால் கிடையாது. அவன் இல்லாம இது பறக்காது, இது இல்லாம அவன் பறக்க முடியாது. அந்த ஏற்பாட்டைத் தெரிஞ்சேதான் கேட்டு வாங்குச்சு.

மீன்கூடை:
உடைச்ச விஷயத்தை நான் அப்படி யோசிக்கலை. ஆனா அந்தக் கெத்துல கால்வாசி கூட எபிசோடுக்கு எபிசோட் வரலைங்கறேன். பாதி நேரம் ஹிக்கப் வசனம் பேசறான், இது பின்னாடி நின்னு கண்ணை உருட்டுது.

வால்துடுப்பு:
கண்ணை உருட்டுதுல்ல? அது பூனை.