நீட் தேர்வு: உயிரியலில் தேறும் மாணவி இயற்பியலில் சறுக்குவது ஏன்?

கேள்வி: தண்டையார்பேட்டை அண்ணன்

வணக்கம். என் தங்கை மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. அண்மையில் அவள் எழுதிய மாதிரித் தேர்வின் விடைத்தாள் இப்போது என் கையில் இருக்கிறது. உயிரியலில் 88 வினாக்களுக்கு விடையளித்து 75 சரி, 13 தவறு. சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1 என்பதால் ஆக 287 மதிப்பெண். வேதியியலின் 45 வினாக்களில் 36 எழுதி 22 சரி, 74 மதிப்பெண். இயற்பியலில் 38 எழுதி 14 மட்டுமே சரி. 24 தவறானதால் கழித்தது போக 32 மதிப்பெண்.

எனக்குப் புரியாதது இதுதான். எந்தச் சூத்திரத்தைக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்கிறாள். பள்ளித் தேர்வில் இயற்பியலுக்கு நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறாள். ஆனால் நீட் வகை வினாவில் உட்கார்ந்தால் விடை மாறிவிடுகிறது. அண்ணா நகரில் உள்ள பயிற்சி மையம் ஒன்றில் சேர்க்கச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். கட்டணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். பள்ளி விட்டதும் அவ்வளவு தூரம் போய்வர எடுக்கும் நேரத்தை நினைத்தால்தான் தயக்கமாக இருக்கிறது. அறிவியல் பாடங்களை வீட்டிலிருந்தே எப்படிச் சீர்செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய வண்ணாரப்பேட்டை, இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு)

தம்பி, நீங்கள் எண்களோடு எழுதியதால் பதில் சொல்வது எளிதாகிறது. சூத்திரம் தெரிந்தும் விடை தவறுகிறது என்றால், வினாவில் சொல்லாமல் விட்ட நிபந்தனையை அவர் கவனிக்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள். ஒரு கம்பியை இழுத்து அதன் நீளத்தை இரட்டிப்பாக்கினால் மின்தடை எத்தனை மடங்காகும் என்று கேட்டுப் பாருங்கள். மின்தடை நீளத்துக்கு நேர்விகிதம் என்ற சூத்திரத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் உடனே இரண்டு மடங்கு என்பார். கம்பியை இழுக்கும்போது அதன் பருமன் (கன அளவு) மாறாது; நீளம் இரட்டிப்பானால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும்; எனவே விடை நான்கு மடங்கு. வினாவில் பருமன் என்ற சொல்லே இருக்காது.

இன்னொன்று. காசிமேட்டுப் பக்கம் போனால் துறைமுகத்தின் கிரேன்கள் கண்ணில் படும். 20,000 கிலோ நிறையுள்ள கண்டெய்னர் ஒன்றை கிரேன் கீழே இறக்குகிறது; தரையை நெருங்கும்போது அதன் வேகம் நொடிக்கு நொடி 1 மீட்டர் வீதம் குறைகிறது; கம்பிவடத்தின் இழுவிசை என்ன? 'கீழே' என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் கழித்துவிட்டு 1,80,000 நியூட்டன் என்று எழுதுவார்கள். இயக்கம் கீழ்நோக்கி இருந்தாலும், வேகம் குறைவதால் முடுக்கம் மேல்நோக்கியே இருக்கிறது. எனவே புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் விடை 2,20,000 நியூட்டன். நான்கு தெரிவுகளில் அந்த 1,80,000 கட்டாயம் இடம்பெற்றிருக்கும்; வினாத்தாள் தயாரிப்பவர் நம் பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்பதைத் தெரிந்துதான் எழுதுகிறார்.

ஆகவே அந்த 24 தவறான விடைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, படம் வரைந்து, விசைகளின் திசையைக் குறித்து, அலகுகளோடு மீண்டும் போடச் சொல்லுங்கள். பாடமே தெரியாமல் தவறியது, நிபந்தனையைக் கவனிக்காமல் தவறியது, பெருக்கல் வகுத்தலில் தவறியது என்று ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் காரணத்தை எழுதட்டும். தேர்வறையில் கணிப்பானும் கிடையாது, மடக்கை அட்டவணையும் கிடையாது என்பதால் கணக்கை இப்போதிருந்தே கையால் போட்டுப் பழக வேண்டும். பை வர்க்கத்தை ஏறத்தாழ 10 என்று எடுத்துக்கொள்வது போன்ற தோராயங்கள் தெரிவுகள் விலகி நிற்கும் இடங்களில் நன்றாகக் கைகொடுக்கும்.

பயிற்சி மையத்தைப் பற்றி என் கருத்து: மாலையில் அலைந்து திரும்பும் பிள்ளைக்கு இந்த 24 கணக்கை உட்கார்ந்து பார்க்கத் தெம்பு இருக்காது. வீட்டில் இடமோ அமைதியோ இல்லையென்றால், கொளத்தூரில் 2024-இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான பகுதி இருக்கிறது. விடுமுறை நாட்களில் அங்கே போய்ப் படிக்கலாம்.

பதில் 2: வியாசர்பாடி, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவி

அண்ணா, ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். உயிரியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் 287-ஐப் பார்த்து நீங்கள் நிம்மதியாகிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. மொத்தம் 720-இல் உயிரியல் மட்டும் 360. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மதிப்பெண்ணை விரைவாக உயர்த்தக்கூடிய இடம் இதுதான். 13 தவறு என்றால் 13 இடங்களில் ஏதோ ஒரு வரியை மேலோட்டமாகப் படித்திருக்கிறாள்.

சிறுநீரகப் பாடத்தில் ஹென்லே வளைவை, அதாவது சிறுநீரக நுண்குழலின் U வடிவப் பகுதியை, எடுத்துக்கொள்ளுங்கள். கீழிறங்கு தூம்பு நீரை ஊடுருவ விடும், மின்பகுபொருள்களை (சோடியம் போன்ற உப்பு அயனிகளை) ஏறக்குறைய விடாது. மேலேறு தூம்பு நீரை விடாது, மின்பகுபொருள்களைக் கடத்தும். கூற்று, காரணம் வகை வினாவில் இந்த இரண்டில் ஒரே ஒரு சொல்லை மாற்றிவிடுவார்கள். பாடம் புரிந்தவர்கூட வேகமாகப் படித்தால் அதைத் தாண்டிப் போய்விடுவார். எனவே மாநிலப் பாடநூலில் கருத்தைப் புரிந்துகொண்ட பிறகு, அதே பாடத்தை என்.சி.இ.ஆர்.டி. ஆங்கில நூலிலும் வரிவரியாகப் படிக்கட்டும். அது அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு நூல்களிலும் எடுத்துக்காட்டு உயிரினங்கள் பல இடங்களில் வேறுபடும், அந்த வேறுபாட்டைத் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது. விண்ணப்பத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும், ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதற்காகவும் இந்தப் பழக்கம் தேவை.

பழைய வினாத்தாள்களைப் போடும்போது ஒரு குழப்பம் வரும். 2021 முதல் 2024 வரை 200 வினாக்களைக் கொடுத்து 180-க்கு விடையளிக்கச் சொன்னார்கள். அதில் 2022 முதல் 20 நிமிடம் கூடுதலாகவும் தந்தார்கள். 2025-இல் அந்தச் சலுகை இரண்டும் போய்விட்டன: 180 வினா, 180 நிமிடம், எல்லாமே கட்டாயம். எனவே பழைய தாளை அப்படியே வைத்து நேரம் கணக்கிட வேண்டாம். உயிரியலை 50 நிமிடத்துக்குள் முடித்தால்தான் இயற்பியலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குகிறது; மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில், சாப்பிட்ட பின் கண் சொருகும் வேளையில், எழுதிப் பழகுவது நல்லது. தெரியாத வினாவை ஊகித்து எழுதாமல் விட்டுவிட வேண்டும் என்பதும் என் அறிவுரை.

பதில் 3: கொடுங்கையூர், வேதியியல் ஆசிரியை

எல்லோரும் இயற்பியலைப் பற்றியே பேசுவதால் வேதியியல் அநாதையாகிவிட்டது. தங்கை 9 வினாக்களைத் தொடவே இல்லை என்பதை கவனித்தீர்களா? அவை எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்று பாருங்கள். கனிம வேதியியலாக இருந்தால் மகிழ்ச்சியடையுங்கள், தினமும் அரை மணி நேரம் வாசித்தாலே மீட்டுவிடலாம். இயற்பிய வேதியியலாக இருந்தால் மோல் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். வாயுவின் மோலார் பருமன் என்றதும் 22.4 லிட்டர் என்று கைபோன போக்கில் எழுதும் வழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. 273 கெல்வின் வெப்பநிலையில் அழுத்தம் 1 வளிமண்டலம் என்றால் 22.4, 1 பார் என்றால் 22.7. வினாவில் எந்த அழுத்தம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே பேனா ஓட வேண்டும்.

தண்டையார்பேட்டை அண்ணன்

மூவருக்கும் மிக்க நன்றி. தொடாத 9 வினாக்களில் ஆறு இயற்பிய வேதியியலைச் சேர்ந்தவை. பயிற்சி மையத்தை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறோம். ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது. இயற்பியலில் 24 தவறு வந்ததால், இனி உறுதியாகத் தெரிந்த 14 வினாக்களை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடட்டுமா என்று கேட்கிறாள். ஊகிக்கவே கூடாது என்பது சரிதானா?

பழைய வண்ணாரப்பேட்டை, இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு)

மருத்துவ மாணவி சொன்னதோடு இந்த ஓரிடத்தில் நான் மாறுபடுகிறேன். எந்த 14 சரியாகும் என்பது விடைத்தாள் திருத்திய பிறகுதான் நமக்குத் தெரிகிறது, எழுதும்போது தெரியாது. சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1 என்பதால், கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைக் குறித்தாலும் சராசரியாகக் கால் மதிப்பெண் வரும். ஆனால் அது வெறும் சராசரி, ஒரே தேர்வில் எப்படி வேண்டுமானாலும் விழலாம் என்பதால் அதை நம்பிப் போக வேண்டாம். அலகையோ திசையையோ பார்த்து இரண்டு தெரிவுகளை நியாயமாக நீக்க முடிந்தால் நிலைமை வேறு: மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரி ஒன்றரை மதிப்பெண். தங்கை இப்போது எழுதிய 38 வினாக்களுக்கும் சேர்த்து வினாவுக்கு ஒரு மதிப்பெண்கூட விழவில்லை. எனவே இரண்டு தெரிவுகளை நீக்கிய வினாவுக்கு விடையைக் குறிக்கட்டும், ஒன்றையும் நீக்க முடியாததை விட்டுவிடட்டும். மாதிரித் தேர்வில் ஊகித்துக் குறித்த வினாக்களுக்கு மட்டும் வினாத்தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அவற்றில் எத்தனை சரியாகின்றன என்று அடுத்த சில தேர்வுகளில் பார்த்து இங்கேயே எழுதுங்கள்.