டின்னருக்கு வருகிறோம் என்றார்கள், பகல் பன்னிரண்டுக்கே வந்துவிட்டார்கள்

வவுனிக்குளம்:
மச்சாளின் மருமகன் வட இங்கிலாந்துக்காரர். கிளிநொச்சியில் நின்றபடி "ஞாயிறு டின்னருக்கு வாறம்" என்று போன் எடுத்தார். இரவுக்குத்தானே என்று அம்மா பகலில் மெதுவாகக் குளத்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. பன்னிரண்டு மணிக்குப் படலையில் அவர்களின் வான் வந்து நின்றது. அம்மாவின் இரண்டு கையிலும் செதில். அடுப்பில் ஒன்றும் இல்லை, காலைப் புட்டில் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். வந்த சனத்துக்கு முன்னால் அப்படியே நின்ற அம்மாவின் முகம் எனக்கு மறக்கவில்லை. டின்னர் என்றால் இரவுச் சாப்பாடு இல்லையா? எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே படிப்பித்தார்கள்?

ஒட்டுசுட்டான்:
அவரில் பிழை இல்லை. வட இங்கிலாந்தில் பலருக்கு மதியச் சாப்பாடுதான் டின்னர், பின்னேரச் சாப்பாடு 'ரீ' (தேநீருக்குச் சொல்கிற அதே சொல்). அங்கே பள்ளிகளில் மதியம் சாப்பாடு பரிமாறும் பெண்களை 'டின்னர் லேடி' என்பார்கள். நத்தார் டின்னரையும் பெரும்பாலான வீடுகளில் பகலில்தான் சாப்பிடுகிறார்கள். சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் லத்தீன் வேருக்கு நோன்பை முறிப்பது என்று பொருள், பிரேக்ஃபாஸ்ட் போலவே. நாளின் பெரிய சாப்பாடு எதுவோ அதுதான் டின்னர். வசதியானவர்கள் பெரிய சாப்பாட்டைப் பிந்திப் பிந்திச் சாப்பிடத் தொடங்க, சொல்லும் இரவுக்கு நகர்ந்தது. வயல் வேலை செய்யும் எங்கள் சனத்துக்கும் மதியச் சோறுதானே பெரிது? எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை 'ஒரு மணிக்கு டின்னர்' என்று எழுதியதைச் சிவப்பு மையால் வெட்டியிருந்தார்கள். அதை நினைத்தால் இன்னும் மனம் பொறுக்கவில்லை.

மாங்குளம்:
ஒட்டுசுட்டான், வேர் எல்லாம் சரி, அந்தத் தாயின் அடுப்புக்கு அது உதவுமா? சொல்கிறவர்தான் கேட்கிறவருக்கு விளங்கச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மம்மாவிடம் சீனி வருத்தத்துக்குக் குளிசை கொடுத்து "டின்னருக்குப் பிறகு" என்றார்கள். அவ இரவில் சாப்பிடுவதில்லை. டின்னர் இல்லை, குளிசையும் இல்லை என்று அப்படியே விட்டிட்டா. ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன்: குளிசை வாங்கும்போது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, அந்த நேரம் சாப்பிடாவிட்டால் என்ன செய்வது என்றும் கேளுங்கள். சில சீனிக் குளிசைகளை வெறும் வயிற்றில் போட்டால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அவர்கள் சொல்லும் நேரத்தை உறையில் தமிழில் 'இரவு 8 மணி' என்பதுபோல எழுதுவியுங்கள், வயதானவர்கள் தனியாக இருந்தால் பக்கத்து வீட்டுக்கும் சொல்லி வையுங்கள்.

முள்ளியவளை:
'ரீ' என்று ஒட்டுசுட்டான் எழுதியதும் ஞாபகம் வந்தது. போருக்குப் பிறகு மிதிவெடி எடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரரை அப்பா "பின்னேரம் ரீக்கு வாங்கோ" என்று கூப்பிட்டார். நாங்கள் வைத்தது பிளேன்ரீயும் பனங்கட்டியும் ஒரு தட்டு பிஸ்கட்டும். மனிசன் பிஸ்கட் முழுவதையும் முடித்துவிட்டு, இருட்டிய பிறகும் எழும்பவில்லை. அப்பாச்சிதான் கண்டுபிடித்தா. "பிள்ளைக்குப் பசிக்குது" என்று சொல்லி மாக் குழைக்கப் போனா.