கல்லோடு வந்தவர்கள்: சின்னக் கடல்தொட்டிக்காரர்களின் அனுபவங்கள்

வேளச்சேரி, சென்னை

நான் காசு கொடுத்து வாங்கி விட்டது இவ்வளவுதான்: ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கிளீனர் இறால், சில நத்தைகள், கொஞ்சம் காளான் பவளம். தொட்டி 40 லிட்டர். ஆனால் இன்றைக்கு அதற்குள் குடியிருப்பவர்களை எண்ணினால் நான் வாங்கியவை சிறுபான்மை. மற்றதெல்லாம் கல்லோடு வந்தவை. தொட்டியைக் கலைத்த ஒருவரிடமிருந்து பழைய லைவ் ராக், அதாவது கடலுயிர்கள் குடியேறிய உயிர்க்கல், கொஞ்சம் வாங்கினேன். துளைகளில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருக்கும், புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியா பெருகித் தண்ணீர் மீனுக்குத் தயாராகும் 'சைக்கிள்' சீக்கிரம் முடியும் என்பது கணக்கு. பாக்டீரியாவோடு வேறு யார் யார் வருகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

இரவு விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சின் முகத்தில் சிவப்பு ஜெலட்டின் தாளை ஒட்டிக்கொண்டு பாருங்கள். இவற்றில் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது, ஓடி ஒளியாது. முதல் நாள் பார்த்தபோது கல்லின் ஒவ்வொரு பொந்திலிருந்தும் இளஞ்சிவப்பில் ஒரு புழு பாதி உடம்பை நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற என் மனைவி "பூரான்!" என்று சொல்லிவிட்டு ஹாலைவிட்டே போய்விட்டாள்.

பூரான் இல்லை, பிரிசில் புழு. உடம்பின் இருபுறமும் வெள்ளை மயிர்க்கட்டு இருக்கும். வெறுங்கையால் தொட்டால் அந்த மயிர்கள் கண்ணாடித் தூள் மாதிரி தோலில் ஏறிக்கொள்ளும். செல்லோடேப் ஒட்டி இழுத்து எடுக்கலாம். இதைத் தவிர அவற்றால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. 40 லிட்டரில் ஒரு நத்தை செத்துக் கிடந்தால் அம்மோனியா ஏறிவிடும். இவை ஒரே ராத்திரியில் அதைத் தின்று ஓடு மட்டும் மிச்சம் வைக்கும். புழு திடீரென்று பெருகினால் நாம் இரை அதிகம் போடுகிறோம் என்று அர்த்தம். அவற்றை நான் இப்போது அப்படித்தான் பயன்படுத்துகிறேன், டெஸ்ட் கிட் கூட அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

சரி, என் கதை இது. உங்கள் தொட்டியில் கூப்பிடாமல் வந்தவர்கள் யார், வந்து என்ன செய்தார்கள்?

சிங்கப்பூர்

உங்கள் புழு சாது. எனக்கு வாய்த்தது சத்தம்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் படிக்கும் மேசை மேல் 25 லிட்டர் தொட்டி. இரவில் வேலை செய்துகொண்டிருந்தால் 'டிக்' என்று கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டிக்'. ஹீட்டரா, கண்ணாடி விரிசல் விடுகிறதா என்று முதலில் சந்தேகம். அப்புறம் ஹெர்மிட் நண்டுகள் குறைய ஆரம்பித்தன. நத்தை ஓடுகள் விளிம்பு சிதைந்து, சிலவற்றில் பக்கவாட்டில் பொத்தல் விழுந்து கிடந்தன.

கல்லோடு வந்து இப்படிச் சத்தம் போடுவது பெரும்பாலும் இரண்டு பேர். ஒன்று பிஸ்டல் இறால். அதன் ஒரு கொடுக்கு மற்றதைவிட மிகப் பெரியது. அதை மூடும் வேகத்தில் நீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது, சத்தம் அந்தக் குமிழியினுடையது. அது இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை, அதில் சில இனங்கள் கோபி மீனோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்தும். இன்னொன்று மான்டிஸ் இறால். நத்தை ஓடு உடைந்திருந்ததால் என்னுடையது இரண்டாமவர் என்று தெரிந்துவிட்டது. மான்டிஸிலும் இரண்டு ரகம் உண்டு, ஈட்டி போலக் குத்துவது, முஷ்டியால் அடிப்பது. ஓட்டை உடைப்பது அடிக்கும் ரகம். அவர்களில் மயில் மான்டிஸ் அடிக்கும் வேகத்தை நொடிக்கு 23 மீட்டர் வரை அளந்திருக்கிறார்கள், அதுவும் தண்ணீருக்குள்!

பொறி வைத்துப் பார்த்தேன். இரையை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. பிறகு சிவப்பு டார்ச்சில் எந்தக் கல், எந்தப் பொந்து என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்தக் கல்லை மட்டும் தூக்கி வாளிக்கு மேலே பிடித்தபடி, வாசனை சேர்க்காத சோடாவை சிரிஞ்சில் எடுத்துப் பொந்துக்குள் அடித்தேன். துள்ளி வெளியே விழுந்தது, ஒரு கட்டை விரல் நீளம்கூட இல்லை, ஆலிவ் பச்சை. உடனே தொட்டித் தண்ணீருக்கு மாற்ற வேண்டும், சோடாவில் கிடந்தால் செத்துவிடும்.

கொன்றுவிடச் சொன்னவர்கள் அதிகம். எனக்கு மனம் வரவில்லை. பத்து லிட்டரில் ஒரு சின்னத் தொட்டி, ஒரு கல், ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. கண்கள் காம்பின் மேல் தனித்தனியாகச் சுழலும். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு கண் என் பக்கம் திரும்பும், இன்னொன்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு 12 வகை நிற உணரிகள் உண்டு, நமக்கு மூன்றுதான். ஆனால் 2014-ல் வந்த ஆய்வில், நெருங்கிய நிறங்களைப் பிரித்தறிவதில் அது நம்மைவிட மோசம் என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பெரிய தொட்டியின் பவளங்களைவிட இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள்.

மதுரை

எங்கள் வீட்டுக் கிளீனர் இறால் "செத்துப்போச்சு" என்று அம்மா ஆபீசுக்கே போன் செய்துவிட்டார். மாலை வந்து பார்த்தால் கல்லுக்கு அடியில் இறால் இருக்கிறது, மணலில் இன்னொரு இறாலும் கிடக்கிறது. சட்டை கழற்றியிருக்கிறது. மீசை வரை அப்படியே உரிந்திருந்தது. அதை நான் எடுப்பதில்லை, மற்றவர்கள் தின்றுகொள்வார்கள். அம்மா மட்டும் இன்னும் ஒவ்வொரு முறையும் போன் செய்கிறார்.

திருச்சி

ஐப்டேசியா பற்றி யாரும் சொல்லவில்லையே. பழுப்புக் கலரில் கண்ணாடி போன்ற உடம்போடு ஒரு குட்டிக் கடற்சாமந்தி. பார்க்க அழகு. அந்த அழகை நம்பி விட்டுவைத்தால் மூன்று மாதத்தில் பவளத்துக்கு இடமிருக்காது, பக்கத்தில் இருப்பதைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சுரண்டக் கூடாது. அடிப்பாகத்தில் ஒரு துணுக்கு கல்லில் தங்கினாலும் அது புதிதாக முளைக்கும்.

நான் கையாளும் முறை: கால்சியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் ஆர்ஓ தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அதன் வாயிலேயே வைப்பது. இரை என்று விழுங்கிவிடும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் வேதியியலில் இதுதான், ஆனால் பெட்டிக்கடைச் சுண்ணாம்பில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, தூய பொடியே வாங்குங்கள். சின்னத் தொட்டியில் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். இந்தக் குழம்பின் பிஎச் 12-க்கு மேல். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று போதும். பெர்கியா என்கிற ஓடில்லா நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது, கிடைத்தால் அதுதான் சுத்தமான வழி. தின்ன ஐப்டேசியா தீர்ந்ததும் அது பட்டினியில் செத்துவிடும் என்பதால் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

ராமநாதபுரம்

ஒரு சந்தேகம். கடலிலிருந்தே உயிர்க்கல் எடுத்துத் தர எங்கள் பக்கம் ஆள் இருக்கிறார். விலையும் மலிவு. இத்தனை உயிர்களும் அதில் கூடுதலாகவே வரும் அல்லவா?

தூத்துக்குடி

தம்பி, வேண்டாம். நான் கடல்வாழ் உயிரியல் படித்தவன், மன்னார் வளைகுடாவில் முக்குளிக்கவும் செய்கிறேன், அதனால் சொல்கிறேன். கல்லாக வளரும் எல்லாப் பவள இனங்களும், கடல் விசிறியும், நெருப்புப் பவளமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அப்போதிலிருந்தே புலிக்கும் அவற்றுக்கும் சட்டத்தில் ஒரே வரிசை. கடல் அட்டைக்கும் கடல் குதிரைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. ஒரு கல்லுக்காக வழக்கு, ஜாமீன் என்று அலைய வேண்டியிருக்கும்.

சட்டத்தை விடுங்கள். எங்கள் ஊரில் ஒரு காலத்தில் பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். அலையைத் தடுக்கக் கல் இல்லாமல் தீவுகள் கரைந்தன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகளும் இன்று தண்ணீருக்கு அடியில். மிச்சமிருக்கிற பவளம் 2010, 2016, 2024 என்று வெப்பத்தில் வெளுத்து வெளுத்துத் தேறிக்கொண்டிருக்கிறது. உலர்ந்த செராமிக் கல்லை வாங்கி, நடந்துகொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு துண்டை அதோடு போடுங்கள். புழுவும் மற்ற குட்டி உயிர்களும் தானே பரவும், கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். கோமாளி மீனும் வளர்ப்பில் பொரித்ததாகவே வாங்கலாம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து எத்தனையோ காலமாகிறது.

சிங்கப்பூர் நண்பருக்கு: நீங்கள் கேட்ட 'டிக்' இங்கே தலையை நீரில் அமிழ்த்தினாலே கேட்கும். ஒன்றிரண்டல்ல, பொரி பொரிவது போல இடைவிடாமல். எல்லாம் பிஸ்டல் இறால்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கேட்டுக் கண்டுபிடிக்க முயன்றவர்களுக்கு இந்தச் சத்தம் பெரிய தலைவலி.

டொரோன்டோ

நான் வாங்கியது சோவாந்தஸ் என்ற பொத்தான் பவளத்தில் ஒரு சிறு துண்டு. அதோடு ஒட்டிக்கொண்டு, கேட்காமலே, மண்ணிறத்தில் பொத்தான் மாதிரி ஐந்தாறு வந்து சேர்ந்தன. வளர்ச்சி சரியான கெதி. கல்லை வெளியில் எடுத்துக் கொதிதண்ணீர் ஊற்றினால் முடிந்தது என்று என் கணவர் கேத்திலோடு நின்றார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அது பாலிதோவா. அந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் அதுவும் ஒன்று, சூட்டில் அழியாது, ஆவியோடு மூச்சில் ஏறும். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு வீட்டில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்யப்போய் முழுக் குடும்பமும், உதவிக்கு வந்த அவசர சேவையினர் சிலரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஆகவே அவதானம். கொதிக்க வைக்க வேண்டாம், காய வைத்துச் சுரண்ட வேண்டாம், பிரஷ் போட வேண்டாம். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையில் காயமிருந்தால் தொடவே வேண்டாம். நான் அவை ஒட்டியிருந்த கல்லை அப்படியே எடுத்து மூடிய பாத்திரத்தில் வைத்து அகற்றினேன். பிள்ளைகள் இருக்கிற வீடு என்பதால் இந்த ஒரு விசயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

பள்ளிக்கரணை, சென்னை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் பகுதியில் மின்சாரம் போனது போனதுதான், இன்வெர்ட்டரும் சீக்கிரம் கைவிட்டது. தொட்டி 30 லிட்டர். பம்ப் நின்றால் சூடு, உப்பு எல்லாம் பிறகு, முதலில் பிரச்சினை ஆக்சிஜன். ராத்திரி மெழுகுவத்தியோடு போய்ப் பார்த்தேன். நீர்மட்டத்தை ஒட்டிக் கண்ணாடி முழுக்க உயிர்கள். பல மாதமாக எந்தப் பொந்தில் இருந்தனவோ, நட்சத்திர மீனின் உறவான, நூல் போன்ற கைகளுள்ள பிரிட்டில் ஸ்டார்கள் டஜன் கணக்கில் மேலே ஏறி ஒரு கையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. புழுக்கள், ஆம்பிபாட் என்ற இறால் போன்ற குட்டிப் பூச்சிகள், நத்தைகள் எல்லாம் அதே வரிசையில். என் தொட்டியில் ஒரு பிரிட்டில் ஸ்டார் இருந்ததுகூட அன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு டம்ளரில் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினோம், நானும் தம்பியும் முறை வைத்து. டீ ஆற்றுகிற கைப்பழக்கம் உதவியது. விடியற்காலை எதிர்வீட்டுக்காரர் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கொடுத்தார், அவர் உயிருள்ள இறால் இரையோடு தூண்டில் போடப் போகிறவர். பம்ப் ஓடி அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிப் போனார்கள். இரண்டு நத்தைகள் மட்டும் போயின. இப்போது அந்தப் பம்ப் என் வீட்டில் இரண்டு இருக்கிறது.

கோயம்புத்தூர்

நான் புதுசு. தொட்டி தொடங்கிச் சில வாரம்தான் ஆகிறது. கண்ணாடியிலும் பம்பிலும் வெள்ளையாக, குண்டூசித் தலையளவில், சுருள் சுருளாக நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கிறது. நத்தை முட்டையா, நோயா? வினிகர் எடுத்து வைத்திருக்கிறேன். இன்னொன்று, ஃபேன் போட்டதும் தண்ணீர் வேகமாகக் குறைகிறது, அதே அளவு உப்புத் தண்ணீர் ஊற்றி வருகிறேன், சரிதானே?

வேளச்சேரி, சென்னை

முதலில் இரண்டாவது கேள்வி, அதுதான் அவசரம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஆயிரத்துக்கு 35 பங்கில் இருக்க வேண்டிய உப்பு 40-ஐத் தாண்டிவிடும். ஈடுகட்ட வெறும் ஆர்ஓ தண்ணீர். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்து, தினமும் காலையில் கோடு வரை ஊற்றுங்கள். இப்போது உப்பு எவ்வளவு என்று ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். ஏறியிருந்தால் ஒரே நாளில் இறக்காமல் இரண்டு மூன்று நாளில் இறக்குங்கள்.

வெள்ளைச் சுருள் ஸ்பைரோர்பிட். சுண்ணாம்புக் குழாய்க்குள் வாழும் குட்டிப் புழு. லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஒவ்வொன்றின் வாயிலும் விசிறி தெரியும். தண்ணீரை வடிகட்டித் தின்கிறது, யாரையும் தொடாது.

கோயம்புத்தூர்

41 காட்டுகிறது. ஆர்ஓ கேன் வாங்கக் கிளம்பிவிட்டேன். வினிகரை அம்மா ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டார்.