முட்டி ஜவ்வு கிழிந்து, மறுபடி ஆட்டத்துக்குத் திரும்பி வந்தவர்கள் சொல்லுங்கள்

கபடி ரெய்டர், தஞ்சாவூர்ப் பக்கம்:
கோட்டுக்குத் திரும்பும்போது எதிரணியில் கார்னரில் நின்றவன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. 'டொப்'பென்று சத்தம். ராத்திரிக்குள் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. எம்ஆர்ஐயில் ஏசிஎல், அதாவது முட்டிக்குள் இருக்கும் முன் ஜவ்வு, முழுசாக அறுந்திருந்தது.

இந்தக் காயம் ஆளை ஏமாற்றும். வீக்கம் வற்றினால் நடக்கலாம், படி ஏறலாம். ஊரில் "அதான் சரியாயிடுச்சே" என்பார்கள். நேராக நடக்க அந்த ஜவ்வு பெரிதாகத் தேவையில்லை. சட்டென்று திரும்பும்போது கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. எங்கள் டீம் பையன் ஒருவன் வீக்கம் வற்றியதும் இறங்கினான். முட்டி மறுபடி நழுவி, உள்ளே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்தது.

எனக்குத் தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புது ஜவ்வாக வைத்தார்கள். முதல் சில வாரம் பிசியோ கேட்டது ஒன்றுதான்: முட்டியை முழுசாக நீட்டு. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, முட்டியைத் தரையை நோக்கி அழுத்தணும். கண்ணில் தண்ணி வரும். அதற்குள் தொடை சூம்பி, டிரவுசரின் ஒரு பக்கம் மட்டும் தொளதொளவென்று ஆடியது.

ஃபுட்பால், லெஃப்ட் பேக்:
அண்ணா, எனக்கு யாரும் மோதவே இல்லை. தாவி இறங்கினேன், முட்டி உள்பக்கம் மடிந்தது. பெண்களுக்கு இது இன்னும் அதிகமாம். 9 மாதத்துக்கு முன்னால் மேட்ச் கிடையாது என்று பிசியோ கறாராகச் சொல்லிவிட்டார். ஒற்றைக்காலில் தாவச் சொல்லி இரண்டு காலையும் ஒப்பிடுவார். அடிபட்ட கால் தாவும் தூரம், நல்ல கால் தாவுவதில் 90 சதவீதமாவது வரணும். வந்தது. ஆனால் எதிராளி பந்துக்குக் குறுக்கே வந்தால் கால் தானாகப் பின்வாங்கும். அந்தப் பயத்தைத் தாவல் டெஸ்ட் காட்டாது. கோச் முதலில் ஆளில்லாமல், அப்புறம் மெதுவாக வரும் ஆளோடு, கடைசியில் நிஜ டேக்கிள் என்று பழக்கினார். அந்த நாட்களில் ஸ்பெயின் ஃபுட்பால் வீராங்கனை அலெக்சியா புட்டெயாஸ் வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2022 பெண்கள் யூரோ கோப்பை தொடங்குவதற்கு முந்தின நாள் ஏசிஎல் போனவர், 2023ல் பெண்கள் உலகக் கோப்பை வென்ற ஸ்பெயின் அணியில் இருந்தார்.

நெடுந்தூர ஓட்டம், கோவை:
எல்லாருக்கும் ஆபரேஷன் கட்டாயமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் முழுக் கிழிசல்தான். ஓட்டத்தில் திடீர்த் திருப்பம் இல்லாததால் டாக்டர் முதலில் பயிற்சி செய்து பார்க்கச் சொன்னார். தொடைத் தசை முன்னும் பின்னும் நன்றாக வலு ஏறியதும் முட்டி நழுவுவது நின்றது. இப்போது ரோட்டில் ஓடுகிறேன். பேட்மின்டன் மட்டும் விட்டாச்சு. ராக்கெட்டை அண்ணன் பையன் கேட்டான், கொடுத்துவிட்டேன்.